குட்டி மாத்திரை

என் வீட்டுக்காரரைப் பற்றி எழுதுகிறேன். அவர் கெட்டவர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. படித்து முடித்துவிட்டு யாரும் அவரைச் சபிக்கக் கூடாது. சபிப்பதும் மன்னிப்பதும் மேலே இருக்கிறவன் வேலை. நடந்ததைச் சொல்வது மட்டும்தான் என் வேலை.

அவர் மருந்துக்கடையில் நிற்கிறவர். கடை அவருடையது இல்லை. முதலாளி வாரத்துக்கு ஒரு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவார். மருந்துப் படிப்புப் படித்த ஒருவருடைய சான்றிதழ், போட்டோவோடு, கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் தொங்கும். அந்த மனிதரை நான் நேரில் பார்த்ததே இல்லை. என் வீட்டுக்காரரும் இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறாராம். "படிச்சவன் சுவத்துல தொங்கறான், படிக்காதவன் கால்கடுக்க நிக்கறான்" என்று சொல்லிச் சிரிப்பார்.

பத்தொன்பது வயதில் அட்டைப்பெட்டி இறக்கி வைக்கிற வேலைக்குச் சேர்ந்தவர். இருபத்தெட்டு வருஷம் ஆகிவிட்டது. மாத்திரைகளை முதலில் நிறத்தை வைத்துத்தான் தெரிந்துகொண்டார், பிறகுதான் பெயரை வைத்து. டாக்டர்கள் எழுதுகிற எழுத்து, எறும்பு மையில் விழுந்து எழுந்து நடந்த மாதிரி இருக்கும். அதைக்கூட ஒரு பார்வையில் படித்துவிடுவார். நாளாக ஆக, சீட்டு இல்லாமல் வருகிறவர்கள்தான் அதிகமானார்கள். டாக்டரிடம் போனால் அரை நாள் கூலி போய்விடும். இவரிடம் வந்தால் இரண்டு நிமிஷம்.

"அண்ணே, இடுப்பு."

"அண்ணே, முட்டி."

"அண்ணே, பல்லு. போன வாட்டி கொடுத்தீங்களே, அதே பொட்டலம்."

எல்லாருக்கும் ஒரே பொட்டலம்தான். பழைய பில் தாளைக் கிழித்து, மூலையை மடித்து, ஒரே நொடியில் பை மாதிரி செய்வார். அதில் மூன்று மாத்திரை. வலிக்கு ஆரஞ்சு நிறத்தில் பெரிது ஒன்று. அது வயிற்றைப் புண்ணாக்காமல் இருக்க மஞ்சளில் ஒன்று. அப்புறம் மிளகை விடக் கொஞ்சம் பெரிதாக, வெள்ளையாக ஒன்று. அதற்கு அவர் வைத்த பெயர் குட்டி. "பெருசு சத்தம் போடும், குட்டிதான் வேலையை முடிக்கும்" என்பார். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காகப் பொட்டலத்தின் மேல் படம் போட்டுக் கொடுப்பார். காலைக்கு அரைச் சூரியன். மதியத்துக்கு முழு வட்டம். ராத்திரிக்குப் பிறை. நான் ஐந்தாவதோடு நின்றவள். கல்யாணமான புதிதில் அந்தப் பிறையைப் பார்த்துத்தான் இவர் நல்ல மனுஷன் என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். அதுதான் எனக்குக் கஷ்டம்.

தெருவில் அவரை டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். எதிர்வீட்டு டிரைவர் மட்டும் "எங்க டாக்டர் ஊசி போட மாட்டார், பேசியே குத்துவார்" என்று கிண்டல் செய்வார். ஆனால் அவருக்கு முதுகு பிடித்தால் முதலில் வந்து நிற்பது எங்கள் வாசலில்தான்.

எங்கள் வீடு டயர் கடைக்கு மேலே, மூன்றாவது மாடி. ஒரு படுக்கை அறை, ஒரு சமையல் அறை. பெண்ணைக் கட்டிக்கொடுத்தாகிவிட்டது, இரண்டு பேர்தான். மற்ற வீடுகளில் அலமாரியில் பருப்பு டப்பா இருக்கும் இடத்தில் எங்கள் வீட்டில் மாத்திரை டப்பா இருக்கும். நான் ஒரு பெரிய விடுதியின் சலவைக்கூடத்தில் வேலை செய்கிறேன். நாள் முழுக்க நின்றுகொண்டு விரிப்பு மடிக்கிற வேலை. ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து, எதிரும் புதிருமாக நடந்து வந்து, முனையோடு முனை சேர்ப்போம். தலையணை உறை மாட்டும்போது உறையின் ஓரத்தைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் தலையணையை உள்ளே தள்ளுவோம். ஒரு நாளைக்கு முந்நூறு உறை. எனக்குப் பல்லும் ஒரு கை மாதிரிதான்.

நின்று நின்று முட்டி போயிற்று. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன். அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து, "வலின்னு வந்தவன் எவனும் என்கிட்ட இருந்து வலியோட போனதில்ல. நீ மட்டும் அழலாமா?" என்றார். மறுநாள் முதல் தினமும் காலையில் ரொட்டியோடு ஒரு குட்டி. மூன்றே நாளில் முட்டி பறந்துவிட்டது. மூன்று மாடியும் மூச்சு வாங்காமல் ஏறினேன். கடவுளுக்கு நன்றி சொன்னேன். கடவுளுக்கு அதில் பங்கு இல்லை என்று அப்போது தெரியாது.

சில மாதத்தில் என் முகம் உருண்டையாயிற்று. சலவைக்கூடத்தில் எனக்கு எதிர்முனை பிடிக்கிறவள், "என்னக்கா, வீட்டுக்காரர் ஊட்டி ஊட்டி வளர்க்கறாரா? முகம் பௌர்ணமி நிலா மாதிரி ஆயிட்டுது" என்றாள். வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. அவரிடம் சொன்னேன். அவரும் பெருமைப்பட்டார்.

பல் கதை அதற்கும் பழையது. கீழ்வரிசையில் வலது பக்கத்துக் கடைவாய்ப் பல். ஏழு வருஷமாக வலி வரும், பொட்டலம் வரும், வலி போகும். பல் மட்டும் உள்ளுக்குள் அழுகிக்கொண்டே இருந்தது. பிடுங்கிவிடலாமா என்று கேட்டால், "வீட்டுக்குள்ள மருந்துக்கடையை வெச்சுக்கிட்டு எவன்கிட்டயோ போய் வாயைத் திறக்கணுமா?" என்பார். போன வருஷம் ஒரு நாள் கன்னம் பன் மாதிரி வீங்கிவிட்டது. தலையணை உறையைக் கடிக்க முடியவில்லை. மேற்பார்வை பார்க்கிற அம்மா, "இன்னிக்கே போய்ப் பிடுங்கிட்டு வா. இல்லாட்டி வராதே" என்று சொல்லிவிட்டாள். அப்படித்தான் பல் டாக்டரிடம் போனேன்.

சின்ன வயதுப் பெண். குரல் மட்டும் தலைமை ஆசிரியை குரல். சீட்டில் எழுதுவதற்கு முன்னால் கேட்டாள்.

"அம்மா, வேற ஏதாவது மருந்து சாப்பிடறீங்களா? தினமும்?"

"இல்லம்மா."

நான் பொய் சொல்லவில்லை. இதை நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். மருந்து என்றால் டாக்டர் சீட்டில் எழுதுவது. காலையில் ரொட்டியோடு என் வீட்டுக்காரர் தட்டில் வைக்கிறது மருந்து என்று எனக்குத் தோன்றவே இல்லை. உப்பு, சர்க்கரை, டீத்தூள் மாதிரி அதுவும் வீட்டுச் சாமான். உப்பு சாப்பிடுகிறாயா என்று யாராவது கேட்டால்தானே சொல்வோம்?

பல் முழுசாக வரவில்லை. துண்டு துண்டாகத்தான் வந்தது. முக்கால் மணி நேரம் ஆயிற்று. பஞ்சை வைத்துக் கடிக்கச் சொல்லிவிட்டு அந்தப் பெண் பொறுமையாக விளக்கினாள்.

"இப்போ அங்க ஒரு குழி இருக்கு. குழியில ரத்தம் உறையும். அந்த உறைஞ்ச ரத்தம்தான் மூடி. துப்பாதீங்க, உறிஞ்சாதீங்க, நாக்கால நோண்டாதீங்க. அதுக்கு அடியிலதான் புதுச் சதை வரும். அப்புறம் மெதுவா எலும்பு வரும். ரெண்டு மூணு நாள் கொஞ்சம் வீங்கும், வலிக்கும். பயப்படாதீங்க. உடம்பு வேலைக்கு ஆள் அனுப்புதுன்னு அர்த்தம். ஆள் வந்தா சத்தம் இருக்குமில்ல? அதான் வலி. வலிக்கு மூணு நாளைக்குச் சாதாரண மாத்திரை எழுதியிருக்கேன். சீழுக்கு ஒண்ணு அஞ்சு நாளைக்கு. வேற எதுவும் போடாதீங்க."

சாயங்காலம் என் வீட்டுக்காரர் அந்தச் சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சிரிப்பு அடங்கவே ஒரு நிமிஷம் ஆயிற்று.

"காய்ச்சல் மாத்திரை! பல்லைப் பிடுங்கிட்டுக் காய்ச்சல் மாத்திரை எழுதியிருக்கா. இதுக்கு அஞ்சு வருஷம் படிக்கணுமா?"

"வேற எதுவும் போடக் கூடாதுன்னு சொன்னாங்க."

"அவ சொன்னா? உன் வாய்க்குள்ள வலிக்கும்போது அவ வந்து ராத்திரி முழுக்க உக்காந்திருப்பாளா?"

சீழுக்கு எழுதியதை மட்டும் கொண்டுவந்தார். மற்றதற்குப் பதிலாகப் பொட்டலம் வந்தது. வழக்கமான ஒரு குட்டி போதாது என்று காலையில் ஒன்று, மதியம் ஒன்று. ஆரஞ்சு மூன்று வேளை. அரைச் சூரியன், முழு வட்டம், பிறை மூன்றும் அந்தப் பொட்டலத்தின் மேல் இருந்தன. அவற்றை அவர் எனக்காக அழகாகவே வரைந்திருந்தார்.

வலி வரவே இல்லை. அன்றும் இல்லை, மறுநாளும் இல்லை. வீக்கம் என்ற பேச்சே இல்லை. இரண்டாம் நாள் வேலைக்குப் போனேன். எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். "உனக்கென்னக்கா, வீட்டுல டாக்டர்" என்றார்கள். வலி இல்லை என்றதும் எல்லாம் ஆறிவிட்டது என்று நினைத்து, இடது பக்கப் பல்லால் உறையைக் கடித்தேன். சத்தம் வரவில்லை என்றால் ஆளே வரவில்லை என்று அர்த்தம். அந்தப் பெண் அதைத்தான் சொல்லியிருந்தாள். எனக்கு அப்போது உறைக்கவில்லை.

பத்தாம் நாள் காட்டுவதற்குப் போனேன். அவள் சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தாள். முகம் மாறிற்று.

"இன்னும் கிணறு மாதிரி இருக்கே. ரோஸ் கலர்ல சதை வந்திருக்கணும். எலும்பு தெரியுது. வலிக்கலையா?"

"வலியே இல்லம்மா."

"வலிக்கணுமே!"

டாக்டர் ஒருத்தி வலிக்கவில்லையே என்று கவலைப்பட்டதை அன்றுதான் பார்த்தேன். கழுவினாள், ஏதோ மருந்து நனைத்த துணியை வைத்து அடைத்தாள். பிறகு கையுறையைக் கழற்றிக்கொண்டே கேட்டாள்.

"நான் எழுதினதை மட்டும்தானே சாப்பிட்டீங்க?"

அப்போது எனக்குப் புரிந்துவிட்டது. அந்த நிமிஷம் நன்றாக ஞாபகம் இருக்கிறது. வாயைத் திறந்தேன். ஆனால் அவள் நிறுத்தவில்லை.

"ஏன் கேக்கறேன்னா, தெருவுக்குத் தெரு ஒரு பொட்டலக்காரன் உக்காந்திருக்கான். படிப்பும் கிடையாது, பயமும் கிடையாது. எந்த நோயாளி கையிலயாவது ஒரு பொட்டலம் கிடைக்கட்டும், அவனைக் கம்பி எண்ண வெச்சுட்டுத்தான் மறு வேலை பார்ப்பேன்."

"நீங்க எழுதினது மட்டும்தாம்மா" என்றேன்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறது என்பார்கள். நான் என் வாய்க்குள்ளேயே மறைத்தேன். வீட்டுக்கு வரும் வழியில் ஆண்டவனிடம் மன்னிப்புக் கேட்டேன். பொய் சொன்னதற்கு மன்னிப்பு, அந்தப் பொய் பலிக்கவேண்டும் என்று வேண்டுதல், இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டேன்.

அவள் ரத்தப் பரிசோதனைக்கு எழுதியிருந்தாள். சர்க்கரை கூடியிருந்தது. அதனால்தான் புண் ஆறவில்லையோ என்று நினைத்து இன்னொரு டாக்டரிடம் அனுப்பினாள். பாவம், நான் காட்டிய பக்கம்தானே அவள் தேட முடியும்? என் வீட்டுக்காரர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "சர்க்கரையா? அதுக்கும் நம்மகிட்ட மாத்திரை இருக்கு, அங்கெல்லாம் போக வேண்டாம்" என்று தட்டிக் கொடுத்தார்.

அன்றுதான் முதல் தடவையாகக் கேட்டேன்.

"ஏங்க, இந்தக் குட்டி எனக்கு வேண்டாமே. அதனாலதான் ஆற மாட்டேங்குதோ என்னவோ."

கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்படவில்லை. முகம் சுருங்கிவிட்டது. அதைப் பார்ப்பதற்குப் பதிலாக அவர் கத்தியிருக்கலாம்.

"இருபத்தெட்டு வருஷம். ஒரு ஆள், ஒரே ஒரு ஆள் திரும்பி வந்து, உன் மாத்திரையால கெட்டுப்போச்சுன்னு சொன்னதுண்டா? கட்டினவ சொல்ற. சரி. நாளையிலேர்ந்து போடாதே. முட்டி வலிச்சா என்கிட்ட வராதே."

திரும்பி வராதவர்களை எல்லாம் அவர் குணமானவர்கள் கணக்கில் சேர்த்திருந்தார். அது எனக்குத் தெரிந்தது. சொல்லத் தெரியவில்லை. மறுநாள் குட்டியை எடுத்துக்கொள்ளவில்லை. அதற்கு மறுநாள் படுக்கையிலிருந்து எழ முடியவில்லை. உடம்பு முழுக்க அடித்துப் போட்ட மாதிரி, வாந்தி, தலைசுற்றல். அவர் ஜெயித்த முகத்தோடு தண்ணீரும் குட்டியும் கொண்டுவந்து நீட்டினார். வாங்கிப் போட்டேன். ஒரு மணி நேரத்தில் எழுந்து நடந்தேன். அப்புறம் நான் எதுவும் கேட்கவில்லை.

ஐந்தாவது வாரம் தாடைக்கு அடியில் கட்டி மாதிரி திரண்டது. வாயில் நாற்றம். எனக்கு எதிர்முனை பிடிக்கிறவள் விரிப்போடு பக்கத்தில் வந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நல்லவள், வேண்டுமென்று செய்யவில்லை. பிறகு ஒரு மதியம் குட்டியையும் ஆரஞ்சையும் மீறி வலி வந்தது. ஏழு வருஷமாகப் பூட்டி வைத்த வலி எல்லாம் ஒரே நாளில் கதவை உடைத்துக்கொண்டு வந்த மாதிரி. கீழ் உதட்டில் வலது பக்கம் மரத்துப்போயிற்று.

இந்தத் தடவை அவரும் கூட வந்தார். என்னைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு மூன்று மாடி இறங்கினார். வழியில் இரண்டு பேர் "டாக்டரே, எங்க?" என்று கேட்டபோது, "சும்மா" என்றார்.

பல் டாக்டர் படம் எடுத்தாள். அதை விளக்குப் பலகையில் மாட்டிவிட்டு ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"எலும்புல சீழ் பிடிச்சிருக்கு. ஒரு துண்டு செத்தே போச்சு. பெரிய ஆஸ்பத்திரியில ஆபரேஷன் பண்ணித்தான் எடுக்கணும்." பிறகு என்னைப் பார்க்காமல் அவரைப் பார்த்தாள். "சார், மறைக்காம சொல்லுங்க. இது எனக்குத் தெரிஞ்சாத்தான் அங்க ஆபரேஷன் பண்றவங்களுக்கும் சொல்ல முடியும். தெரியாம மயக்கம் கொடுத்தா உயிருக்கே ஆபத்தாப் போகலாம். நான் எழுதினது மட்டும்தானே சாப்பிட்டாங்க?"

நான் வாயைத் திறக்கவில்லை. இரண்டு தடவை நான் சொல்லியாயிற்று, அவரிடமும் அதைச் சொல்லியிருந்தேன். இது அவருடைய முறை. அவருக்காகத்தானே பொய் சொன்னேன். இந்த ஒரு தடவை எனக்காக உண்மையைச் சொல்லிவிடுவார் என்று நம்பினேன். சொல்லிவிடுவார், அவமானப்படுவார், நான் அவர் கையைப் பிடித்துக்கொள்வேன் என்று மனசுக்குள் எல்லாவற்றையும் ஓட்டிப் பார்த்துவிட்டேன். சுவரில் அந்தப் பெண்ணின் சான்றிதழ் மாட்டியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"ஆமாங்க. நான்தான் வேளை தவறாம எடுத்துக் கொடுத்தேன். நீங்க எழுதினது மட்டும்தான்."

கல்லானாலும் கணவன் என்று சொல்லிக் கொடுத்தார்கள். அந்தக் கல் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தது.

என் கைப்பையைத் திறந்தேன். வேலைக்குக் கொண்டுபோகிற மதியப் பொட்டலம் அதில் இருந்தது. எடுத்து மேஜை மேல் வைத்தேன். பேசத் தேவையில்லை. மேலே அவர் வரைந்த முழு வட்டம் இருந்தது.

அந்தப் பெண் பிரித்துப் பார்த்தாள். ஆரஞ்சை ஒதுக்கினாள். குட்டியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "இது எத்தனை நாளா?" என்றாள்.

"முட்டிக்கு ரெண்டு வருஷமா. பல் பிடுங்கினதுலேர்ந்து ரெட்டிப்பா."

அவள் கத்தவில்லை. கம்பி எண்ண வைப்பேன் என்றும் சொல்லவில்லை. நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள். "இந்த முகம் இப்படி உருண்டையானப்பவே... முதல் நாளே நான் கவனிச்சிருக்கணும். நானும்தான் பார்க்கலை" என்றாள்.

பிறகு சொன்னாள். ஆரஞ்சை நாலைந்து நாள் அளவோடு சாப்பிட்டால் பெரிய கெடுதல் வராதாம். அதையும் வாரக்கணக்கில் போட்டால் புண் ஆறுவது தாமதமாகலாம் என்று ஒரு பேச்சு இருக்கிறதாம். வயிறும் கிட்னியும் போவது நிச்சயமாம். ஆனால் குட்டியின் விஷயம் வேறு, அது ஸ்டீராய்டாம். உடம்பு புண்ணை ஆற்ற அனுப்புகிற ஆட்களை அது வாசலிலேயே நிறுத்திவிடும். புதுச் சதை வராது. கிருமி உள்ளே புகுந்தாலும் வீங்காது, காய்ச்சல் வராது, வலிக்காது. சர்க்கரையும் அதனால் ஏறும். "வீடு எரியுதுன்னு மணி அடிச்சா, மணியோட நாக்கை அறுத்த மாதிரி" என்றாள். "இப்போ சட்டுன்னு நிறுத்தவும் கூடாதும்மா. நீங்களா நிறுத்தியிருந்தா மயங்கி விழுந்திருப்பீங்க. கொஞ்சம் கொஞ்சமா, மாசக்கணக்குலதான் குறைக்கணும்."

இரண்டு நாள் நிறுத்தியபோது நான் பட்ட பாட்டுக்கு அர்த்தம் அப்போதுதான் தெரிந்தது. அவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது கைத்தாங்கல் இல்லை. நாலு அடி முன்னால் நடந்தார். வீட்டுக்கு வந்து சட்டையை ஆணியில் மாட்டிவிட்டுச் சொன்னார்: "ரெண்டு தடவை காப்பாத்தினவ மூணாவது தடவை காட்டிக் கொடுத்துட்டே."

"மூணாவது தடவை நீங்க காப்பாத்துவீங்கன்னு பார்த்தேன்" என்றேன். அவர் ஆணியில் மாட்டிய சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு கடைக்குப் போய்விட்டார்.

ஆபரேஷன் நல்லபடியாக நடந்தது. விரல் நகம் அளவுக்குத் தாடை எலும்பை எடுத்தார்கள். உயிர் தப்பியது ஆண்டவன் கருணை. உதட்டில் வலது பக்கம் மட்டும் உணர்ச்சி திரும்பவில்லை. தண்ணீர் குடித்தால் ஓரமாக வழியும். வழிவது எனக்குத் தெரியாது. சலவைக்கூடத்தில் என்னை உறை மாட்டுகிற இடத்திலிருந்து எண்ணுகிற இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். பல்லும் போயிற்று, அந்தக் கையும் போயிற்று.

அந்தப் பெண் யாரிடமும் புகார் கொடுத்த மாதிரி தெரியவில்லை. ஒரு நாள் கடைக்குப் போய் அவரிடம் அரை மணி நேரம் பேசினாளாம். எதிர்வீட்டு டிரைவர் பார்த்திருக்கிறார். "உங்க டாக்டரைப் பார்க்க நிஜ டாக்டரே வந்தாங்க அண்ணி. அவர் கையைக் கட்டிக்கிட்டு நின்னார்" என்றார். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை.

இப்போது குட்டியைக் குறைக்கிறோம். பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்: போன மாதம் அரை, இந்த மாதம் கால். அந்தத் தாளை என் வீட்டுக்காரர் அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறார். தினமும் காலையில் புது பிளேடை எடுத்து, தட்டின் மேல் குட்டியை வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு அறுப்பார். அவ்வளவு சின்ன மாத்திரையை நாலாக அறுப்பது லேசு இல்லை. தூள்கூடச் சிந்தாது. ஒரு நாளும் மறந்ததில்லை. அறுத்ததைத் தாளில் மடித்து, மேலே அரைச் சூரியன் போட்டு என் பக்கம் தள்ளுவார். அதை அவர் கேட்கும் மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ளலாம் என்று சில நாள் நினைப்பேன். சில நாள் அந்த நினைப்பே கசக்கும்.

போன வாரம் ஞாயிற்றுக்கிழமை. அவர் மேஜையில் குட்டியை அறுத்துக்கொண்டிருந்தார். நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு டிரைவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்து வாசலில் நின்றார். முந்தின நாள்தான் பல் பிடுங்கியிருந்தார்.

"அண்ணி, அண்ணன் நேத்துக் கடையில கொடுத்தது. சாப்பாட்டுக்கு முன்னாலயா பின்னாலயா, கேக்க மறந்துட்டேன்."

பொட்டலத்தை நீட்டினார். பிரித்தேன். ஆரஞ்சு, மஞ்சள். அடியில் குட்டி.

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். பிளேடு நின்றது. தலை நிமிரவில்லை.

"இன்னுமா?" என்றேன்.

"அவனுக்கு ரெண்டு நாளைக்குத்தான். ரெண்டு நாள் போட்டா ஒண்ணும் ஆகாது. வலிக்குதுங்கறான், என்ன பண்ணச் சொல்றே?"

நான் குட்டிகளை எல்லாம் பொறுக்கி மேஜை மேல் வைத்தேன். நாலு இருந்தன. டிரைவரிடம் சொன்னேன்.

"தம்பி, இது வேண்டாம். பல் டாக்டர் எழுதினதைப் போடுங்க. ரெண்டு நாள் வலிக்கட்டும், பொறுத்துக்கோங்க. வலிச்சுட்டு ஆறிடும். என் வாயைப் பாருங்க."

வாயைத் திறந்து காட்டினேன். அவர் பார்த்தார். நன்றாகவே பார்த்தார். பாவமாகவும் முகத்தை வைத்துக்கொண்டார். பிறகு என் வீட்டுக்காரரைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார்.

"நீங்க சொல்றது சரிதான் அண்ணி. ஆனா நாளைக்கு விடியறதுக்கு முன்னால நெடுந்தூரச் சவாரி. வலியோட ஸ்டியரிங் பிடிக்க முடியாதே."

மேஜையிலிருந்த நாலு குட்டிகளையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பொட்டலத்தில் போட்டுக்கொண்டார். என் மனசு நோகக் கூடாது என்பது போல மெதுவாக எடுத்தார். "வரேன் டாக்டரே" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

என் வீட்டுக்காரர் அறுத்து முடித்த கால் துண்டைத் தாளில் மடித்து, அரைச் சூரியன் போட்டு, என் பக்கம் தள்ளினார். பிறகு தோளிலிருந்த துண்டை எடுத்து நீட்டினார்.

"டீ வழியுது. வாயைத் துடை" என்றார்.